விளையாட்டுக் களத்தில் நாட்டுப் பெயர்கள்

இளையோர் கைப்பேசியில் ஆடும் இயங்கலை விளையாட்டுகளில் வழங்கும் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், அதற்கும் மொழியாய்வுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவினர். விடை ஜார்ஜ்டவுன் தெருவிலேயே இருக்கிறது.

முன்னர்ப் பிட் தெரு எனப்பட்ட சாலை, இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பள்ளிவாசல், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராய் விளங்கிய காதர் முகைதீனின் பதவிப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் 'கெலிங்', பழைய மலாய் நூலான செஜாரா மெலாயுவில் இந்தியரைக் குறிக்கும் பொதுப்பெயர். பின்னாளில் ஏளனத்தோடு வீசப்பட்டு வீசப்பட்டு அதுவே வசையாயிற்று. தெருப்பலகையில் மதிப்பைச் சுட்டும் சொல், அதே தெருவில் நம் பிள்ளையை நோக்கி எறியப்படும்போது காயப்படுத்துகிறது.

இனி ஆட்டக் களத்துக்கு வருவோம். மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ஐவர் ஓரணி. மலேசியரும் இந்தோனேசியரும் பிலிப்பீனியரும் முன்பின் அறியாமலே ஓரணியில் சேர்வதுண்டு. முகம் தெரியாது, தட்டச்சிடும் மொழியே நாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

அங்கு வழங்கும் வசைகள் இருவகை. 'நூப்' என்பது முதல் வகை. புதியவரைக் குறிக்கும் 'நியூபி' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. அது திறனைப் பழிக்கிறது. பழகப் பழக அப்பழி நீங்கும். 'கெலிங்', 'இந்தோன்' என்பன இரண்டாம் வகை. அவை பிறப்பைப் பழிக்கின்றன. எத்தனை ஆட்டம் வென்றாலும் நீங்கா.

'இந்தோன்' வெறும் சுருக்கம்தானே என்பர். சுருக்கம் எல்லாம் இழிவாகிவிடாது. 'பினோய்' என்பது பிலிப்பீனியர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். 'இந்தோன்' பிறர் இட்ட பெயர். வீட்டுப் பணிப்பெண்ணையும் கட்டுமானத் தொழிலாளியையும் தாழ்வாகச் சுட்டிப் பழகிய பெயர். இந்தோனேசியர் அதனை வெறுத்தனர். 2007இல் மலேசியத் தகவல் அமைச்சும் அச்சொல்லைத் தவிர்க்குமாறு ஊடகங்களைப் பணித்தது. ஒரு பெயர் இழிவா, அன்றா என்பதைச் சொல்லின் வேர் தீர்மானிப்பதில்லை. யார், யாரை, எந்தத் தொனியில் அழைக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

இங்கு நம்மையே நாம் வினவிக்கொள்ள வேண்டும். 'கெலிங்' எனக் கேட்டுக் கொதிக்கும் நம் பிள்ளைகளே, தோற்ற ஆட்டத்தின் முடிவில் 'இந்தோன்' என்றும் 'பங்ளா' என்றும் எழுதுவதைக் கண்டிருக்கிறோம். நமக்கு வலித்த அதே கல்லை நாம் எடுத்து எறிவது முறையாகுமா?

கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. வசைகளை மறைக்கும் மென்பொருளும் ஓரெழுத்து மாறினால் ஏமாறும். இளையோரின் குறும்புச் சொற்களுக்கு நாம் பகைவரும் அல்லோம். ஆட்டத்தைக் கேலி செய்யும் சொற்களைத் தமிழிலும் அவர்கள் புனையட்டும். பிறப்பைப் பழிக்கும் சொல்லை மட்டும் விலக்கச் சொல்வோம். ஒரு மாலை, பிள்ளையை அப்பள்ளிவாசல் வரை அழைத்துச் சென்று பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வோம். அச்சொல் நடந்துவந்த வழியைக் கேட்ட பிள்ளை, அடுத்த ஆட்டத்தில் தட்டச்சிடும் முன் சற்றே தயங்கும். அத்தயக்கமே நாம் வேண்டுவது.