அடியும் அரங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆடற்கலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நான் ஆடத் தெரிந்தவன் அல்லன், ஆட்டுவிக்கவும் அறியேன். அரங்கின் இடைவரிசையில் அமர்ந்து பார்க்கின்றவன். எனினும் பார்ப்பவர் இல்லையேல் அரங்கம் இல்லை. ஆகவே பார்ப்பவனுக்கும் பேச உரிமையுண்டு என்னும் துணிவோடு உங்கள் முன் நிற்கின்றேன்.

குளிர்காலம் வந்துவிட்டால் இக் கொல்கத்தா மாநகரில் ஆடலுக்குக் குறைவில்லை என்பதை நாம் யாவரும் அறிவோம். ரவீந்திர சதனிலும், கலா மந்திரிலும், ஞான மஞ்சிலும் மாலைதோறும் விளக்குகள் ஒளிர்கின்றன. ஒடிசியும் கதக்கும் மணிப்புரியும் பரதமும் ஒருபுறம். பாலே என்றும், டாப் என்றும், தற்கால நடனம் என்றும் மேல்நாட்டு வழியில் வந்த ஆடல்கள் மற்றொருபுறம். பள்ளியில் உடன் பயிலும் தோழி பாலே வகுப்புக்குச் செல்கின்றாள், "நானும் செல்லட்டுமா, அம்மா?" என்று நம் வீட்டுப் பெண் கேட்கின்றாள். தாய் விடை கூறத் தயங்குகின்றாள். "நமக்குத்தான் பரதம் இருக்கின்றதே, அது எதற்கு?" என்று பாட்டனார் கூறுகின்றார். இவ்வினா நம் குடியிருப்பில் பல இல்லங்களில் எழுந்த வினா. இதற்கு என் விடையை முதலிலேயே கூறிவிடுகின்றேன். அயல் ஆடலைக் காண்பதனால் நம் ஆடல் அழியாது. நம் ஆடலை நாமே அரைகுறையாகக் கற்பதனாலும், பாதியில் கைவிடுவதனாலுமே அது அழியும்.

முதலில் நம் பழம்பெருங் காப்பியத்தை நோக்குவோம். சிலப்பதிகாரத்தின் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவளுடைய அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று இளங்கோவடிகள் அளந்து கூறுகின்றார். அவள் ஆடியது ஒருவகை ஆடலன்று, பதினொருவகை. கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், குடம், துடி, மரக்கால் என அவை விரிகின்றன. அவற்றுள் மரக்கால் என்பது மரத்தாலான கால்களை ஊன்றிக் கொற்றவை ஆடியது. இத்தனையும் கண்டு, ஒவ்வோர் ஆடலையும் தன் காதலிக்குச் சுட்டிக்காட்டி மகிழ்பவன் யார்? புகார் நகரத்தானா? அல்லன். வடதிசையிலிருந்து வந்த விஞ்சையன்! நம் ஆடலை அயலான் ஒருவன் அறிந்து சுவைத்தான் என்று பெருமையோடு பாடிய மரபு நம்முடையது. அயலார் ஆடலை அவ்வாறே அறிந்து சுவைக்கும் கடமை நமக்கும் உண்டன்றோ?

இனிப் பாலேயைக் காண்போம். அது பிரான்சு நாட்டு அரசவையில் இலக்கணம் பெற்ற ஆடல். பதினான்காம் லூயி மன்னன், தானே ஆடியவன், 1661-ஆம் ஆண்டில் நடனத்திற்கென ஒரு கழகம் நிறுவினான். பாதங்களை வைப்பதற்கு ஐந்து நிலைகள் அக்காலத்திலேயே வகுக்கப்பெற்றன. பரதம் கற்ற பெண் பாலேயைக் கண்டால் உடனே ஒன்றைக் கண்டுகொள்வாள். தொடையிலிருந்து கால்களை வெளிப்புறம் திருப்பி, முழங்காலை மடக்கி நிற்கும் நிலை அங்கும் உண்டு. அவளுடைய அரைமண்டிக்கு அது உறவு. ஆனால் நோக்கம் வேறு. பாலே ஆடுபவள் மடங்குவது மேலே எழுவதற்காக. கால்விரல் நுனியில் நின்று, நிலத்தை விட்டுப் பிரிய முயல்கின்றாள். பரதம் ஆடுபவளோ நிலத்தை நாடி அமர்கின்றாள். முழுப் பாதத்தாலும் அதைத் தட்டி எழுப்புகின்றாள். ஒன்று வானத்தை நோக்கியது. மற்றொன்று மண்ணோடு பேசுவது. இவ்வேற்றுமையை ஒருமுறை கண்டுகொண்ட குழந்தை தன் அரைமண்டியின் பொருளை முன்னினும் நன்றாக உணரும்.

பாலேக்கும் நமக்கும் மற்றோர் உறவும் உண்டு. ருசிய நாட்டு அன்னா பாவ்லோவா 1922-23-ஆம் ஆண்டுகளில் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்தபோது இந்தியாவுக்கும் வந்தார். அன்றைய கல்கத்தாவிலும் ஆடினார். பின்னர் 1923-இல் இலண்டனில், ஓவியம் பயில வந்திருந்த உதயசங்கர் என்னும் வங்க இளைஞரைத் தம் குழுவில் சேர்த்து, இந்தியப் பொருளில் அமைந்த ஆடல்களை மேடையேற்றினார். உதயசங்கர் ஓவியத்தை விட்டு ஆடலுக்கு வந்தது அவ்வாறுதான். அதே பாவ்லோவாவிடம் ஈடுபாடு கொண்டு பாலே கற்கத் தொடங்கியவர் நம் ருக்மிணி தேவி. உன் நாட்டுக் கலையை நாடு என்று பாவ்லோவா காட்டிய வழியே அவரைச் சதிரின்பால் திருப்பியது என்பர். 1935-இல் அடையாற்றில் அவர் அரங்கேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. வங்கத்தின் புது நடனத்திற்கும் தமிழகத்துப் பரதத்தின் மறுமலர்ச்சிக்கும் பாலே ஆடிய ஒரு பெண்மணி தூண்டுகோலாயினார்! அயல் ஆடல் நம்மை நம்மிடமிருந்து பிரிக்கும் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இந்நகரம் தமிழர் ஆடலுக்குச் செய்த நன்மையையும் இங்கே நினைவுகூர்வது நம் கடன். தஞ்சாவூர் பாலசரசுவதி தென்னாட்டிற்கு வெளியே முதன்முதலில் ஆடிய ஊர் எது? பம்பாயன்று, தில்லியன்று, இதே கல்கத்தா. ஆண்டு 1934. அப்போது அவர் பதின்பருவத்துப் பெண். அவர் ஆடலைக் கண்டு வியந்து, அதன் பெருமையை வடக்கே பரப்பியவருள் முதன்மையானவர் உதயசங்கர். 1930-களின் இறுதியில் இமயமலைச் சாரலில் அல்மோராவில் உதயசங்கர் கலைநிலையம் தொடங்கியபோது, பரதம் கற்பிக்க யாரை அழைத்தார்? பாலசரசுவதியின் ஆசிரியரும் தஞ்சை நால்வர் வழிவந்தவருமாகிய கந்தப்ப பிள்ளையை. அங்கே கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், மணிப்புரிக்கு அமோபி சிங்கும், இசைக்கு அலாவுதீன் கானும் இருந்தனர். ஒரே கூரையின் கீழ் நான்கு மொழியினர் நான்கு கலைகளைக் கற்பித்தனர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

பின்னர் உதயசங்கர் தம் கனவைத் திரைப்படமாக்க விரும்பியபோது சென்னைக்கே வந்தார். 1948-இல் வெளியான 'கல்பனா' சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. அதில் அவரோடு அமலா சங்கர் ஆடினார்; பின்னாளில் தமிழ்த் திரையில் புகழ்பெற்ற பத்மினி இளம்பெண்ணாக ஆடியதும் அப்படத்திலேதான். 1976-இல் இந்நகரத்து சத்யஜித் ராய் பாலசரசுவதியைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படம் எடுத்தார். வங்கமும் தமிழகமும் ஆடலில் இவ்வாறு கொண்டும் கொடுத்தும் வந்துள்ளன. அவ்வழியில் வந்தவர்களே நாமும்.

அடுத்து டாப் நடனம். காலணியின் முன்பகுதியிலும் குதியிலும் உலோகத் தகடு பொருத்தி, மரத்தளத்தில் தட்டித் தாளமெழுப்பும் ஆட்டம் இது. அமெரிக்காவில், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பெற்ற ஆப்பிரிக்க மக்களின் அடவுகளும் அயர்லாந்து மக்களின் அடவுகளும் கலந்து பிறந்தது. தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததன் பின் 1740-இல் இயற்றிய சட்டம் அவர்கள் முரசு முழக்குவதைத் தடை செய்தது. முரசைப் பறித்தால் என்ன? கையும் காலும் முரசாயின. இதனை அறிந்து கேட்டால் டாப் நடனத்தின் ஒலி வெறும் விளையாட்டொலியாகத் தோன்றாது. தட்டுக்கழியின் ஒலிக்குத் தட்டடவு பயின்ற நம் குழந்தைக்கு இது புதிதுமன்று. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று மூன்றும் நான்கும் ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக எண்ணப் பழகிய காது, டாப் ஆடுபவரின் கணக்கையும் எண்ணத் தொடங்கிவிடும்.

இதற்கும் இந்நகரமே சான்று. 1944-இல் கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் கதக் கற்பித்த பண்டிட் சித்ரேஷ் தாஸ், ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித் என்னும் டாப் கலைஞரை 2004-இல் ஒரு நடன விழாவில் சந்தித்தார். ஒருவர் காலில் சலங்கை. மற்றவர் காலில் உலோகத் தகடு. ஒருவர் போட்ட கணக்கிற்கு மற்றவர் விடை கூறினார். வயதில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு மேல் வேற்றுமையுள்ள இருவரும் சேர்ந்து அதன்பின் பல நாடுகளில் ஆடினர். 2015-இல் சித்ரேஷ் தாஸ் மறைந்தார். அவர் டாப் ஆடக் கற்றுக்கொண்டாரா? இல்லை. கதக்கிலே காலூன்றி நின்றார். அதனாலேயே அயலானோடு சமமாக உரையாட முடிந்தது. சொந்த மொழி அறியாதவன் எம்மொழியில் உரையாடுவான்?

மூன்றாவதாகத் தற்கால நடனம். பலரும் முகஞ்சுளிப்பது இதைக் கண்டே. "கதையும் இல்லை, பாட்டும் இல்லை, உடையும் எளியது, என்ன புரிகின்றது?" என்கின்றனர். இந்நகரில் இதன் வேர்கள் ஆழமானவை. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதைப் பழித்த காலத்தில் இரவீந்திரநாதர் சாந்திநிகேதனத்துப் பெண்களை ஆடச் செய்தார். 1936-இல் 'சித்ராங்கதா', 1938-இல் 'சண்டாலிகா', 1939-இல் 'ஷ்யாமா' என நாட்டிய நாடகங்களைத் தந்தார். அவ்வழியில் வந்த மஞ்சுஸ்ரீ சாக்கி சர்க்கார் தம் மகள் ரஞ்சாபதியுடன் 1983-இல் இந்நகரில் 'டான்சர்ஸ் கில்ட்' நிறுவி, 'நவநிருத்தியம்' என்னும் ஆடல்முறையை வகுத்தார். தீண்டாமையால் இழிக்கப்பெற்ற பெண்ணின் கதையாகிய சண்டாலிகாவை அவர் இக்காலப் பெண்ணின் குரலாக மீண்டும் ஆக்கினார். சென்னையிலோ, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா, 1985-இல் 'அங்கிகா'வை ஆக்கிப் பரதத்தின் அடவுகளைக் களரியோடும் யோகத்தோடும் இணைத்துக் காட்டினார். இவர்கள் மரபை அறியாமல் மீறியவர்கள் அல்லர், அறிந்து மேற்சென்றவர்கள். ஆகவே தற்கால நடனத்தைக் காணச் சென்றால் "கதை என்ன?" என்று முதலில் தேடாதீர்கள். உடல் எங்கே இறுகுகின்றது, எங்கே தளர்கின்றது, இருவர் ஏன் நெருங்குகின்றனர், ஏன் விலகுகின்றனர் என்று மட்டும் பாருங்கள். பொருள் தானே வந்து சேரும். எல்லாம் நன்றாயிருக்கும் என்று கூறமாட்டேன். பரதத்திலும் எல்லாம் நன்றாகவா இருக்கின்றது?

பெரியோர்களே! இதுவரை கூறியது எளிது. இனிக் கூறுவது சற்றுக் கசக்கும். இன்று நாம் பரதத்தை "நம் கலை, நம் பண்பாடு" என்று பெருமையோடு கூறுகின்றோம். ஆனால் ஒரு காலத்தில் அதனைக் காத்தவர் யார்? தேவதாசியர் என்று நம் சமூகம் ஒதுக்கி வைத்த பெண்களும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் அப்பெண்களின் கலையை ஏற்றுக்கொண்ட நாம் அவர்களை ஏற்றுக்கொண்டோமா? பலர் பெயரும் அறியப்படாமலே மறைந்தனர். இக் கலை நமக்குப் பிறர் உழைப்பால் வந்த செல்வம். அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "எங்கள் பெண் அயல் ஆடல் பார்க்கக்கூடாது" என்பது அச்செல்வத்தைக் காப்பதாகாது.

காப்பது எவ்வாறு? நம் வழக்கம் என்ன? ஆண்டு விழாவுக்கு இரண்டு திங்கள் இருக்கும்போது குழந்தைகளைத் திரட்டுகின்றோம். ஒலிநாடாவோ கைப்பேசியோ பாட, ஓர் உருப்படியைப் பழக்கிவிடுகின்றோம். கைதட்டுகின்றோம், மறந்துவிடுகின்றோம். ஏழெட்டு ஆண்டுகள் ஒழுங்காகப் பயின்ற பெண்ணோ, பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததும் சலங்கையைக் கழற்றி வைக்கின்றாள். அரங்கேற்றம் தொடக்கமாக அமையாமல் முடிவாகிவிடுகின்றது. ஆண்பிள்ளை ஆட விரும்பினாலோ வீட்டில் நகைப்பு. உதயசங்கரும் சித்ரேஷ் தாசும் நடமாடிய நகரத்தில் வாழ்ந்துகொண்டு நாம் நகைக்கலாமா?

ஆகவே இச் சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: இக் குளிர்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தாம் இதுவரை கண்டிராத ஓர் ஆடலைக் குழந்தைகளோடு சென்று காண வேண்டும். திரும்பும் வழியில், "நம் ஆடலினின்று இது எங்கே வேறுபட்டது?" என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் கூறும் விடை உங்களை வியப்பில் ஆழ்த்தும்.

இரண்டாவது: பரதமோ பாலேயோ எதுவாயினும், ஒன்றை முழுமையாகக் கற்கச் செய்யுங்கள். பாலே கற்க விரும்பும் பெண்ணைத் தடுக்காதீர்கள்; ஆனால் ஆறு திங்களில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவவும் விடாதீர்கள். தேர்வுக்காக நிறுத்தினால், தேர்வு முடிந்ததும் சலங்கையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். மகனுக்கும் அவ்வுரிமையைக் கொடுங்கள்.

மூன்றாவது: நம் விழா மேடையில் வங்கத்துக் கலைஞரையும் ஆண்டுதோறும் ஒருவரேனும் அழைத்து ஆடச் செய்வோம். மேலும், நம் மலரில் ஆடிய குழந்தையின் பெயரோடு கற்பித்த ஆசிரியர், பாடியவர், மிருதங்கம் வாசித்தவர் பெயர்களையும் அச்சிடுவோம். பெயர் அறியப்படாமல் மறைந்தோருக்கு நாம் இன்று செய்யக்கூடிய கைம்மாறு, இனி ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதே.

சற்று நேரத்தில் நம் குழந்தைகள் ஆடவிருக்கின்றனர். அடி தவறினால் நகைக்காதீர்கள். அடுத்த ஆண்டும் அவர்கள் ஆடுகின்றனரா என்று மட்டும் பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க கலைகள்!