மீண்டு வருபவனுக்கு நேரும் அபாயம்
(பூன் லேயில் நிகழ்த்திய உரை)



அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்தப் பூன் லே, ஒரு காலத்தில் சூ பூன் லே என்னும் வணிகர் ரப்பர் பயிரிட்ட நிலம். அவர் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வந்து ஜூரோங் ஆலைகளில் உழைப்போர் இவ்வவையிலும் இருக்கின்றீர்கள். ஆகவே, நான் கூறவிருப்பது இரு கரைக்கும் உரியது.

அபினி இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆங்கிலேய ஆட்சி 1910 முதல் அதன் வாணிபத்தைத் தானே ஏற்று நடத்தியது. சில ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அதிலிருந்தே வந்தது. பிற்காலத்தில், 1955இல், அடிமைப்பட்டோருக்குச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. எழுபதுகளில் ஹெராயின் இளைஞரிடையே பரவவே, 1977 ஏப்ரலில் 'ஃபெரட் நடவடிக்கை' தொடங்கிற்று. சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டோர் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்; வெளிவந்த பின்னரும் கண்காணிக்கப்பட்டனர்.

அக்கண்காணிப்பைத் தண்டனையின் மிச்சம் என்று வெறுப்போர் உண்டு. திட்டம் முழுவதிலும் உயிர்காக்கும் பகுதி அதுவே என்பது என் கருத்து. ஏனெனில், ஹெராயின் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தப்படுத்துகிறது. நாள்தோறும் உட்கொள்பவன் உடல் பெரிய அளவையும் தாங்கப் பழகுகிறது. சில வாரங்கள் விலகியிருந்தால் அத்தாங்குதிறன் குறைந்துவிடும். வீடு திரும்பியவன் கெட்ட நண்பரோடு சேர்ந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், உறக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடக்கூடும். விடுதலையான முதல் சில வாரங்களே மிகவும் அபாயமானவை. வேலை கொடுப்பதும், வீட்டில் சேர்த்துக்கொள்வதும், அதிகாரி வந்து விசாரிப்பதும் அவ்வாரங்களிலேயே நடைபெற வேண்டும்.

மாற்று மருந்தும் உதவும். ஆயினும் மேற்பார்வை தேவை. சிங்கப்பூரில் ஹெராயினுக்கு மாற்றாக வழங்கப்பட்ட சுபுடெக்ஸ் மாத்திரையைச் சிலர் கரைத்து ஊசியில் ஏற்றினர். 2006 ஆகஸ்டில் அதுவும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளாயிற்று. மலேசியாவில் 2005இல் தொடங்கிய மெத்தடோன் சிகிச்சையில், நோயாளி பெரும்பாலும் பணியாளர் கண்முன்னரே மருந்தை அருந்துகிறார். இம்முறை சாலச் சிறந்தது.

தாய்மார்களே! தட்டி எழுப்பியும் மகன் விழிக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், உறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். மருத்துவரிடம் நலாக்சோன் என்னும் முறிமருந்து உண்டு. அண்டை வீட்டார் அறிவரே என்று நாணி நேரத்தைப் போக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அக்கரையில் 999, இங்கே 995.