நாட்கணக்கும் மாதக்கணக்கும்

(நூற்றாண்டையொட்டிச் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்கவேண்டும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று அதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. மலாயாவில் கிளாக்கராகவும் ரெயில்வேயிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு மாதாமாதம் பென்சன் வந்தது. பக்கத்து வளவில் தோட்டம் செய்தவருக்கு மழை பிழைத்த வருடமும் வந்தது. இரண்டையும் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது.

இப்போது எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே உழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு, தையல், கணக்கெழுதுதல், கொம்பியூட்டரில் வடிவமைப்பு. எனக்கு அதில் சந்தோசம். அவர்கள் கேட்கும் கூலிதான் எனக்குக் கவலை. "அக்கா, கொம்பனியில் மாதம் 80,000 தந்தவை. 22 நாள் வேலை. அப்ப நாளுக்கு 3,640 கேட்டால் சரிதானே?" என்பார்கள். சரியில்லை, பிள்ளை. ஒரு கணக்காளராக அதை உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

80,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு 9,60,000 ரூபா. அதற்கு மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டவேண்டும். அது 1,44,000. (உங்கள் சம்பளத்தில் வெட்டும் 8 வீதம் உங்கள் காசுதான், அதைச் சேர்க்கவில்லை.) 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. அது 40,000. ஆக 11,44,000.

இனி நாள்களைப் பாருங்கள். 365 நாளில் சனி, ஞாயிறு 104 போகும். வருடாந்த லீவு 14, அமைய லீவு 7. போயாவும் மற்ற விடுமுறைகளுமாக வாரநாளில் ஒரு 20 என்று வைப்போம். மிச்சம் 220. சம்பளக்காரி 220 நாள் வேலை செய்து பன்னிரண்டு மாதச் சம்பளம் எடுக்கிறாள். தனியாகத் தொழில் செய்பவள் அந்த 220 நாளிலும் வாரத்தில் ஒரு நாளை வேலை தேடவும், விலை சொல்லவும், வரவேண்டிய காசைக் கேட்டு அலையவும் கொடுக்கிறாள். அதற்கு எவரும் கூலி தருவதில்லை. காசு வரும் நாள் சுமார் 175 தான்.

கொம்பியூட்டர், கரண்ட், இன்ரநெற் எல்லாம் அவளுடைய செலவு. வருடத்துக்கு ஒரு இலட்சம் என்று போட்டால் மொத்தம் 12,44,000. அதை 175 ஆல் பிரித்தால் நாளுக்கு 7,100 ரூபா வருகிறது. 3,640 இன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுவும் முன்பிருந்த அதே நிலையில் நிற்பதற்கு மட்டும். இலாபம் இதில் இல்லை.

மேசன்மாரின் நாட்கூலியைக் கேட்டு வாயைப் பிளக்கிறோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையில் அவர்கள் எத்தனை நாள் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. 2020 ஊரடங்கில் மாதச் சம்பள வீட்டிலும் நாட்கூலி வீட்டிலும் அடுப்பு ஒரே மாதிரி எரியவில்லை. 2022 இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, வீட்டில் மெசினை வைத்துத் தைத்தவளுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? பிரசவம் என்றாலும் அப்படித்தான். வேலையில் இருப்பவளுக்குச் சட்டப்படி 84 நாள் லீவு சம்பளத்தோடு உண்டு. மற்றவளுக்கு லீவு உண்டு, சம்பளம் இல்லை.

அதற்காக எல்லோரும் உத்தியோகத்துக்கே போங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்தில் வீட்டில் நிற்பதற்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. அந்தப் பெறுமதி உங்களுடையது, வேலை தருபவருக்குக் கழிவாகக் கொடுக்க வேண்டியதல்ல. "வீட்டிலைதானே இருக்கிறாய்" என்று சொல்லி விலை குறைப்பவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் சுயதொழில் செய்பவர்களும் பணம் கட்டலாம். சமூகப் பாதுகாப்புச் சபை 1996 முதல் அவர்களுக்கென்று ஓய்வூதியத் திட்டம் வைத்திருக்கிறது. 7,100 வாங்கினால்தான் அதில் போட ஏதாவது மிஞ்சும்.

இந்த மலரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் ஒரு சொல். உங்களுக்கு இது புதிதல்ல. கனடாவில் சுயதொழில் செய்பவர் ஓய்வூதியத் திட்டத்துக்கு இரண்டு பங்கையும் தானே கட்டுகிறார். பிரித்தானியாவில் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 28 நாள் லீவு சம்பளத்தோடு. தனியாகச் செய்பவருக்கு ஒன்றும் இல்லை. அதனால் அங்கே கூடக் கேட்கிறீர்கள். கல்யாண அல்பம், கோயில் மலர், மொழிபெயர்ப்பு என்று ஊரிலுள்ள தங்கைமாருக்கு வேலை அனுப்பும்போதும் அந்தக் கணக்கையே போடுங்கள். "யாழ்ப்பாணத்துக்கு இது காணும்" என்று சொல்லாதீர்கள். வேலை தொடங்கும்போதே அரைவாசியை அனுப்பிவிடுங்கள். மிச்சத்தை அவள் மூன்று தரம் கேட்க வையாதீர்கள்.

தங்கைமாரே, அனுப்பாவிட்டால் நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.