மாதக் கட்டணம் இல்லாத கணக்கு: தொழில் செய்வோர் கேட்டறிய வேண்டியவை

(தோட்டங்களில் சிறுதொழில் செய்வோருக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருப்பவர்கள் பலர் என்பதை அறிவோம். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சிறுதொழில் வகுப்பு எந்தத் தோட்டத்தில் நடந்தாலும் எம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "மாசா மாசம் சல்லி வெட்டாத பேங்கு எது?" நியாயமான கேள்வி. தையல் மெஷின் ஒன்றை வைத்து ஊசி நூலுக்கே கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு, கேட்காமலே கழிக்கப்படும் நூறு ரூபாவும் பெரிய காசுதான். ஆனால் இன்ன வங்கி என்று ஒரு பெயரை நாங்கள் சொல்லப்போவதில்லை. கட்டணப் பட்டியல் வங்கிக்கு வங்கி வேறு, கணக்குக்குக் கணக்கு வேறு. இன்றைக்கு உள்ளது அடுத்த வருடம் இருக்காது. எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதையே சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்று. தொழில் காசும் சம்பளக் காசும் ஒரே புத்தகத்தில் கிடந்தால் தொழிலில் லாபமா நட்டமா என்று யாருக்கும் தெரியாது. பால் விற்ற காசு தீபாவளிச் செலவோடு கலந்து போகும். மாட்டுக்குத் தீவனம் வாங்கும் நாளில் கை வெறுமையாக இருக்கும். ஆகவே தொழிலுக்கு என்று தனிக் கணக்கு வேண்டும். அது எந்த வகைக் கணக்கு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வங்கியில் போய் "பிஸ்னஸுக்குக் கணக்கு வேணும்" என்று சொன்னால், பெரும்பாலும் நடைமுறைக் கணக்கைத்தான் காட்டுவார்கள். செக் புத்தகம் தரும் கணக்கு அது. செக் எழுதுவதற்கும் மாற்றுவதற்கும் வங்கி வேலை செய்கிறது; அதற்குக் கூலி எடுக்கிறது. வட்டி பெரும்பாலும் கிடையாது. குறைந்தபட்ச மீதி என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கட்டணம் விழும். சேமிப்புக் கணக்கு அப்படியல்ல. சிறு வட்டி உண்டு, புத்தகம் உண்டு, மாதக் கட்டணம் வழமையாக இல்லை.

எங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். இங்கே இருப்பவர்களில் அநேகருக்குச் செக் புத்தகம் தேவையே இல்லை. சட்டைப் பையில் செக் புத்தகம் இருந்தால் ஒரு மதிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் காசில்லாமல் எழுதிய செக் திரும்பினால் அதற்கு ஒரு கட்டணம் வெட்டுவார்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது குற்றம். பிறகு கடன் கேட்டுப் போகும் இடத்திலும் அந்தச் செக்கின் கதை நமக்கு முன்னே போய் நிற்கும். சாமான் கொடுக்கும் முதலாளி செக் இல்லாமல் கடனுக்குத் தரமாட்டேன் என்று சொல்லும் நாள் வரட்டும், அன்றைக்கு நடைமுறைக் கணக்கைப் பற்றி யோசிக்கலாம்.

"அப்படியென்றால் எனக்குச் செக் வந்தால்?" என்று ஒரு தம்பி கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. டவுனிலுள்ள ஹோட்டலுக்கு மரக்கறி கொடுத்து, உங்கள் பெயருக்கே செக் வந்தால் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே போடலாம். கடைப் பெயருக்கு எழுதி வந்தால்தான் சிக்கல். கடைப் பெயரில் கணக்குத் திறக்க வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். 1918ஆம் ஆண்டிலிருந்தே இதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். சொந்த முழுப் பெயரில் மட்டும் தொழில் செய்பவருக்கு இந்தப் பெயர்ப் பதிவு தேவையில்லை. எதற்கும் கணக்குத் திறக்கும்போதே "இதில் தொழில் காசு போடுவேன்" என்று சொல்லி, அதற்கு இடமுண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, செக்ரோலில் வேறோர் எழுத்து என்று நம்மவர் பட்ட பாடு கொஞ்சமா? சேமலாப நிதி எடுக்கப் போய் இதனால் அலைந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். வங்கிக் கணக்கு அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். மாதக் கட்டணம் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஏ.டி.எம். அட்டைக்கு வருடக் கட்டணம் இருக்கலாம். வேறு வங்கி மெஷினில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை போகும். போனுக்கு வரும் குறுஞ்செய்திக்குக் காசு, தொலைந்த புத்தகத்துக்குப் பதில் புத்தகம் எடுக்கக் காசு, சில இடங்களில் கணக்கைச் சீக்கிரம் மூடினாலும் காசு. வட்டியில் ஒரு பகுதி கழிந்திருப்பதைப் பார்த்து வங்கியோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அது வங்கிக் கட்டணமல்ல, அரசாங்க வரி. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் சுயபிரகடனம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். படிவத்தை வங்கியிலேயே கேளுங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத கட்டணமும் ஒன்றுண்டு. வங்கி திறந்திருக்கும் நேரம்தான் நாம் மலையில் நிற்கும் நேரம். டவுனுக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர், சில நாளில் பேரே இல்லை. ஓர் உதாரணத்துக்கு, பஸ்ஸுக்குப் போக வர 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4 தடவை போனால் 800 ரூபா. வருடத்துக்கு 9,600 ரூபா. பக்கத்துச் சந்தியிலுள்ள வங்கி மாதம் 100 ரூபா வெட்டினாலும் வருடத்துக்கு 1,200 ரூபாதான். கட்டணமே இல்லாத தூரத்து வங்கியைவிட, கட்டணம் எடுக்கும் பக்கத்து வங்கி மலிவாகப் போகிறதே! இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு ஓர் அக்கா சொன்னார்: "அப்ப நம்ம நடைக்கும் ஒரு வெலை இருக்குங்க." உண்மைதான்.

குறைந்தபட்ச மீதியும் இதுபோலத்தான். 5,000 ரூபாவை எப்போதும் வைத்திரு, மாதக் கட்டணம் இல்லை என்றால், அந்த 5,000 ரூபா உங்கள் தொழிலுக்கு உதவாமல் முடங்கிக் கிடக்கும். துணி வாங்க அதை எடுத்தால் கட்டணம் திரும்பவும் வந்து நிற்கும்.

ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். எத்தனை தடவை காசு வந்தது, எத்தனை தடவை எடுக்க வேண்டியிருந்தது, கையிலா செக்கிலா போனிலா, மிகக் குறைந்த நாளில் கையில் எவ்வளவு மிஞ்சியது. அந்தப் பக்கத்தை வங்கியில் காட்டி, "இந்த மாதம் முழுக்க உங்கள் கணக்கில் நடந்திருந்தால் எவ்வளவு வெட்டியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். "கட்டணம் உண்டா?" என்றால் "இல்லை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். இப்படிக் கேட்டால் கணக்குப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். தமிழிலேயே கேளுங்கள், படிவத்தையும் தமிழில் கேளுங்கள். முறையான பதில் கிடைக்காவிட்டால் முதலில் அந்த வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதற்கும் பலனில்லையென்றால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1935.

தபாற்கந்தோரை மறந்துவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சேமிப்பு வங்கியின் வேலையைத் தபாற்கந்தோர்களும் செய்கின்றன. அந்த வங்கியில் போடும் காசுக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு. மற்ற வங்கிகளில் வைப்புக் காப்புறுதி உண்டு. ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை.

புத்தகம் உள்ள கணக்கையே நாங்கள் விரும்பிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் உள்ளன. வங்கிக் கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ கொடுத்தனுப்பப்பட்டு, கட்டணம் கூடிய செய்தி கட்டணம் வெட்டிய பிறகு வந்து சேரும். புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

அடுத்ததைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மனைவி தைக்கிறார், மனைவி பால் கறக்கிறார், கணக்கோ கணவர் பெயரில். கூட்டுக் கணக்கு என்றால் "இருவரில் எவராவது ஒருவர்" எடுக்கலாம் என்று எழுதுவதா, "இருவரும் கையொப்பமிட வேண்டும்" என்று எழுதுவதா என்பதைப் படிவத்தை நிரப்பும்போதே தீர்மானிக்க வேண்டும். அந்த ஒரு வரியில்தான் ஒரு வருட உழைப்பு ஒரே நாளில் போவதும் நிற்பதும் இருக்கிறது. வேலை செய்பவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பழைய கணக்கு ஒன்று சும்மா கிடந்தால், புதியது திறக்கும் முன் அதைப் போய்ப் பாருங்கள். தேவையில்லை என்றால் அட்டையையும் மிச்சமுள்ள செக் தாள்களையும் ஒப்படைத்து, மீதியை வாங்கிக்கொண்டு, மூடியதற்கு எழுத்தில் ஒரு சான்று எடுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் அடையாள அட்டையையும் அந்தக் கொப்பியையும் அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து நிரப்புவோம்.