சந்தைத் திடலில் பிறந்த சொல்

ஃபோரம் என்கிறோமே, அது பழைய ரோமாபுரியின் சந்தைத் திடல். குன்றுகளுக்கு நடுவே சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், திடல் கிடைத்தது. நம் ஊர் வாரச்சந்தை மாதிரிதான். ஒரு பக்கம் வியாபாரம், மறுபக்கம் ஊர்ப்பேச்சு. பேசுகிறவர் ஏற ஒரு மேடை. எதிரிக் கப்பல்களிலிருந்து கழற்றிய வெண்கல மூக்குகளை அதில் பதித்திருந்தார்கள். வழக்கு விசாரணையும் அதே திடலில்தான், ஊரார் கண்முன்னே. தடயவியலை ஃபாரென்சிக் என்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்த ஃபோரத்திலிருந்து வந்ததுதான். ஆக, ஃபோரம் என்றால் எல்லாரும் கூடும் இடம். எல்லார் முன்னிலையிலும் பேசும் இடம். ஊர்க் காரியத்தை மறைவில் பேசாதீர்கள், ஊரைக் கூட்டிப் பேசுங்கள்.