செவிக்கு உணவு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசைத்தட்டுகளுள் சில, இசைச் சிறப்பால் மட்டுமன்றி, ஒலி பதிவான செம்மையாலும் உலகெங்கும் போற்றப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்பது அதன் பெயர். ஆற்றங்கரைச் சந்திப்பு என்பது பொருள். 1992 செப்டம்பரில், கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பதிவாகி, 1993-இல் வெளிவந்தது. நம் நாட்டு விசுவ மோகன் பட், கிதாரைத் திருத்தித் தாமே அமைத்த மோகன வீணையை வாசித்தார். அமெரிக்கரான ரை கூடர் கிதார் வாசித்தார். பதிவுக்குச் சற்று முன்னர்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தனர். பதிவு செய்தவரோ இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாந்தர்.

அவர் கையாண்டது, ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் வகுத்த முறை. ஒலிவாங்கிகள் இரண்டே, அவை ஒரே இடத்தில் குறுக்காக நிற்கும். இடப்புறத்து ஒலி ஒன்றில் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் பதிவாகும். ஆதலின் கேட்கும்போது ஒவ்வொரு கருவியும் தன் இடத்திலிருந்தே ஒலிக்கும். பின்புறத்து ஒலியையும் அவை ஏற்பதால், கட்டடத்தின் இயல்பான முழக்கமும் உடன் வரும்.

இம்முறையில் ஓர் அருமை உண்டு. ஒருவர் வாசிப்பைப் பின்னர்த் தனியே கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒருவரை ஒருவர் செவிமடுத்து, அடங்கியும் எழுந்தும் வாசித்தால்தான் இசை அமையும். அவ்வாறு அமைந்த அவ்விசைத்தட்டு 1994-இல் கிராமி விருது பெற்றது. அதன் இறுதிப் பகுதி ‘ஈசா லேய்’ என்னும் பிஜித் தீவினரின் பிரியாவிடைப் பாடல். ஊரைவிட்டு வந்த நமக்கு அதன் உருக்கத்தை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

அன்பர்களே! மணமகளாய் இவ்வூருக்கு வந்து, தாலாட்டும் கும்மியும் உடன் கொணர்ந்த மூதாட்டியர் சிலர் நம்மிடையே உள்ளனர். சென்ற விழாவில் பாடிய பாட்டியார் ஒருவர் இன்று இல்லை. எஞ்சியுள்ள பதிவிலோ, அவர் குரலைவிட ஒலிபெருக்கியின் இரைச்சலே மிகுதி.

ஏனையோர் குரலையேனும் நாம் நன்கு காப்போம். பெரும் பொருட்செலவு வேண்டா. அமைதியான ஓர் அறை, நிறுத்தி வைத்த மின்விசிறி, ஒரு முழத் தொலைவில் ஒரு கைப்பேசி, பேசாதிருக்கும் நாம். பாடியவர் பெயரும், பிறந்த ஊரும், நாளும் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு விழாவிற்குள் பத்துப் பாடல்களையேனும் இங்ஙனம் சேர்ப்போமாக!