பத்தியத்தில் வரும் மூன்றாம் நாள் தலைவலி

(கோவில்பட்டியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்றுநர் பேசியது)



பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. அரிப்பு, வயிற்று வலி, மூட்டு வலின்னு அங்கே போனால் மருந்தோடு பத்தியமும் சொல்லி அனுப்புவாங்க. இங்கிலீஷ் மருத்துவத்திலும் ஒரு வகைப் பத்தியம் உண்டு. எந்தச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க, பால், கோதுமை, முட்டை, நிலக்கடலை போன்றவற்றில் சந்தேகப்பட்டதை ரெண்டு முதல் நாலு வாரம் நிறுத்தச் சொல்வாங்க. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பாங்க.

ஆனா பத்தியம் ஆரம்பிச்ச மூணாம் நாளே விட்டுடுற சகோதரிகள் நிறைய. கேட்டால், "தலை வெடிக்குது, உடம்பெல்லாம் அசதி, பிள்ளைகள் மேல எரிஞ்சு எரிஞ்சு விழுறேன். பத்தியம் எனக்கு ஆகலை"ன்னு சொல்றாங்க. வீட்டில் உள்ளவங்களோ, "வேலை செய்யாம இருக்க இது ஒரு சாக்கு"ன்னு பேசுறாங்க.

ரெண்டுமே தப்பு. பாலை நிறுத்தும்போது கூடவே டீயும் நின்னுபோகுது. தலைவலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்களும் கரிசக்காட்டில் களை எடுக்கிறவங்களும் எத்தனை டீ குடிக்கிறோம்? காலையில் வெறும் வயித்துல ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி வேலை இருந்தால் இன்னொண்ணு. டீயில் காஃபின் என்ற பொருள் இருக்கு. அது களைப்பு தெரியாமல் மூளையை மறைச்சு வைக்கும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயையும் சுருக்கி வைக்கும். தினமும் 100 மில்லிகிராம் அளவுக்குப் பழகின உடம்புக்கே திடீர்னு நிறுத்தினால் தொந்தரவு வரலாம். மூணு நாலு டம்ளர் டீயில் அந்த அளவு சேர்ந்துடும். நிறுத்தினதும் குழாய் விரிஞ்சு தலை வலிக்கும். மறைஞ்சிருந்த களைப்பும் வெளியே வரும்.

இது கடைசி டீ குடிச்ச 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளில் ரொம்ப அதிகமா இருக்கும். ரெண்டு நாளிலிருந்து ஒன்பது நாளுக்குள் சரியாயிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இதையும் சேர்த்திருக்காங்க. ஆகவே இது நடிப்பும் இல்லை, சாக்கும் இல்லை.

இது தெரியாததால் என்ன நஷ்டம்? கோதுமையை விட்டுட்டு கம்மங்கூழ் குடிக்கிற ஒருத்தி, கம்பு ஒத்துக்கலைன்னு நினைச்சு அதையும் விட்டுடுவா. எது ஆகலைன்னு கண்டுபிடிக்க முடியாமலே போயிடும். இன்னும் சிலர் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போடுவாங்க. சில மாத்திரையில் காஃபினே கலந்திருக்கு. வலி நிற்கும், பழக்கம் நிற்காது.

அதனால் செய்ய வேண்டியது:

1. பத்தியத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே டீயைக் குறைக்கத் தொடங்குங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைங்க. காலை டீயைக் கடைசியா விடுங்க.

2. அந்த நேரத்துக்குச் சுக்குமல்லித் தண்ணியோ நீராகாரமோ குடிங்க. சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டி சேர்க்க வேண்டாம். வெயிலில் வேலை செய்தால் தண்ணி நிறையக் குடிங்க.

3. திருவிழா வாரத்திலும் அறுவடை வாரத்திலும் ஆரம்பிக்காதீங்க.

4. என்ன சாப்பிட்டோம், என்ன செய்தது என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்க. எழுதத் தெரியாதவங்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நிறுத்தினதைத் திரும்பச் சேர்க்கும்போது, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூணு நாளாவது விடுங்க.

சில எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரை போடுறவங்க சாப்பாட்டைக் குறைச்சால் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். உடனே சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. கடலை மிட்டாய் நம்ம ஊர்ப் பெருமை. ஆனா கடலை சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சுத் திணறினவங்க அதைத் திரும்பவும் வீட்டில் சோதிச்சுப் பார்க்கவே கூடாது. பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைச்சாலோ அதை டீத் தலைவலின்னு விட்டுடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

பத்தியம் முடிஞ்சதும் டீ குடிக்கலாமான்னு கேட்பீங்க. தாராளமா ஒண்ணு ரெண்டு குடிக்கலாம். ஆனா சாப்பாட்டோடும் சத்து மாத்திரையோடும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. அதில் நம்ம குழுப் பெண்களும் இருக்கோம்.

உங்க குழுவில் யாராவது பத்தியம் இருந்தால், அந்த முதல் வாரம் அவங்க வேலையில் ஒரு கை கொடுங்க. "மூணு நாள் பொறு, சரியாயிடும்"னு சொல்ல ஒரு ஆள் இருந்தாலே போதும், பாதி வலி போயிடும்.